பனிக் அட்டாக்குக்குக் கொழும்பில் தமிழில் கதைத்து வைத்தியம் செய்கிறவர் யாராவது?

இரண்டாம்_பெட்டி

வணக்கம். பெயர் போடவில்லை, காரணம் கீழே இருக்கிறது. வயது 33. ஊர் மட்டக்களப்பு, நான்கு வருடமாக வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் தனியே இருக்கிறேன். வேலை கொம்பனித்தெருவில், கணக்காய்வு.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை, காலை ரயில். வழக்கமாக ஏறும் இரண்டாம் பெட்டிதான். பம்பலப்பிட்டி தாண்டியதும் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. சட்டைப் பொத்தான் துள்ளுவது கண்ணுக்கே தெரிந்தது. விரல்கள் விறைத்தன, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. வலப்பக்கம் ஆளுக்கு மேல் ஆள், இடப்பக்கம் கடல். இன்னும் இரண்டு நிமிடத்தில் செத்துவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கொள்ளுப்பிட்டியில் விழாத குறையாக இறங்கி வாங்கில் இருந்தேன். வடை விற்கிற ஐயா ஒருவர் தண்ணீர் தந்தார், யாரோ 1990க்கு அடித்தார்கள், அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் அடங்கிவிட்டது. ஈசிஜி சரி, இரத்தம் சரி. காஸ் ஆக இருக்கும் என்று குளிசை தந்து அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு ஒன்பது தடவை வந்துவிட்டது. இதய டொக்டரைத் தனியாகக் காசு கட்டிச் சனல் பண்ணினேன். எக்கோ எடுத்தார், ஓடவிட்டுப் பார்த்தார். "குதிரை மாதிரி இதயம் தம்பி, போய்க் கல்யாணத்தைக் கட்டு" என்றார். லண்டனில் இருக்கிற வகுப்பு நண்பன், அவனும் டொக்டர்தான், வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டு இது பனிக் அட்டாக், திடீரென்று வருகிற பெரும் பயம் என்றான்.

அம்மாவிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன். "பனியா? அதுதான் இரவில் மொட்டை மாடியில் நின்று போன் கதைக்காதே என்று சொன்னேன். தலையில் எதையாவது கட்டிக்கொண்டு படு." இப்போது ஒவ்வொரு இரவும் தலையில் கட்டினேனா என்று கேட்டு அழைப்பு வருகிறது. மேற்கொண்டு விளக்கப் போகவில்லை.

ரயிலில் ஏறி ஐந்து மாதம் ஆகிறது. தினமும் ஓட்டோ, சம்பளத்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. போன கிழமை சூப்பர் மார்க்கெட்டில் காசு கட்டும் வரிசையிலும் வந்தது, கூடையை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியவை இவைதான். தமிழில் கதைக்கிற ஆள் வேண்டும். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவேன், அதில் என் பயத்தைச் சொல்ல வராது. ஆள் நம் வட்டத்துக்குள் இருக்கக் கூடாது. தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், வெள்ளவத்தையில் ஒருவர் தும்மினால் மூன்று ஒழுங்கைக்குக் கேட்கும், உங்களுக்கே தெரியும். மருந்து குடிக்கத்தான் வேண்டுமா? பிறகு, உளவளத்துணையாளர், உளவியலாளர், மனநல வைத்தியர் என்று பலகைகளில் போட்டிருக்கிறார்களே, இதில் நான் யாரிடம் போக வேண்டும்?

கிளினிக்_கொப்பி

தம்பி, கடைசிக் கேள்வியில் இருந்து வருகிறேன். மனநல வைத்தியர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் படித்த டொக்டர், மருந்து எழுதுவார். உளவியலாளர் மருந்து எழுத மாட்டார், பேச்சு முறை வைத்தியம் அவருடையது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ உளவியலுக்கென்றே எம்.ஃபில் இருக்கிறது, அப்படிப் படித்தவர்கள் குறைவு, தமிழில் கதைப்பவர்கள் அதிலும் குறைவு. உளவளத்துணையாளர், அதாவது கவுன்சிலர், என்ற பலகைக்குப் பின்னால் நல்ல ஆட்களும் உண்டு, சில மாதச் சான்றிதழ் எடுத்தவர்களும் உண்டு. பலகையை நம்பாதீர்கள், என்ன படித்தீர்கள் என்று கேளுங்கள். கோபப்பட்டால் அதுவே பதில்.

காசு பிரச்சினை என்றால் அரசாங்க ஆஸ்பத்திரிதான். பலருக்குத் தெரிவதில்லை, மனநல கிளினிக் என்றால் அங்கொடை மனநல ஆஸ்பத்திரி மட்டும் இல்லை. தேசிய வைத்தியசாலையில் மருத்துவ பீடத்தின் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. உங்களுக்குக் களுபோவிலை ஆஸ்பத்திரி கிட்ட. ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) காட்டி நடந்ததைச் சொன்னால் கிளினிக்குக் கடிதம் தருவார்கள். காலையிலேயே போய் நம்பர் எடுக்க வேண்டும், ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு போங்கள், அதில்தான் எழுதுவார்கள். காத்திருப்பு நீளம், டொக்டருடன் கதைப்பது சில நிமிடம். அதற்காகப் போகாமல் விடாதீர்கள், அந்தச் சில நிமிடத்தில்தான் உளவியலாளருக்கும் அனுப்புவார்கள்.

போகும்போது ஈசிஜி, எக்கோ எல்லாவற்றையும் கொண்டு போங்கள். தைரொயிட் பார்த்தீர்களா? இல்லையென்றால் அதையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள், அது கூடினாலும் நெஞ்சு இப்படி அடிக்கும். கோப்பி எத்தனை குடிக்கிறீர்கள் என்றும் கேட்பார்கள், உண்மையைச் சொல்லுங்கள்.

இரவில் தாங்க முடியாமல் போனால் 1926. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைப்பார்கள்.

மூலிகைத்_தோட்டம்

மருந்துப் பக்கம் போகவே வேண்டாம் தம்பி. ஒருமுறை தொடங்கினால் ஆயுளுக்கும் அடிமை. காலையில் நாடி சுத்தி, மாலையில் தியானம், இரவில் பாலில் சாதிக்காய். மனதில் தைரியம் இருந்தால் இதெல்லாம் வராது. யோசிக்காமல் இருங்கள்.

கிளினிக்_கொப்பி

அண்ணா, தியானத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இரண்டு விதமான குளிசையை ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். போட்ட அரை மணித்தியாலத்தில் அடக்கி நித்திரை வரச் செய்கிற வகை ஒன்று, அதை நாள்கணக்காகப் போட்டால் பழகிவிடும், உண்மை. அதனால் நல்ல டொக்டர் அதைக் கொஞ்ச நாளைக்கு மட்டும் தருவார். சேர்ட்ரலின், எசிட்டலோபிராம் போன்றவை வேறு வகை. வேலை செய்யக் கிழமைக்கணக்கு எடுக்கும், நித்திரைக் குளிசை மாதிரிப் பழக்கம் பிடிக்காது, ஆனால் நினைத்தவுடன் நிறுத்தவும் கூடாது, டொக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். எனக்குப் பத்து வருட கிளினிக் அனுபவம், கொப்பி நான்காவது ஓடுகிறது. தைரியம் இருந்தால் வராது என்பதை வேறு யாரிடமாவது சொல்லுங்கள்.

ஓவர்லொக்

தம்பி, நேற்று இரவே வாசித்தேன். ஒரு கல்யாண ஓடர் முடிக்க இருந்தது, அதனால் இன்றைக்குத்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும்.

நான் வெள்ளவத்தையில் தையல் செய்கிறேன், சாறி பிளவுஸ். உங்களுக்கு ரயில், எனக்கு லிஃப்ட். 2022 மார்ச் கடைசி, நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலம். கடல் பக்கத்து மாடிக் குடியிருப்பு ஒன்றில், ஏழாம் மாடியில், ஒரு பெண்ணுக்கு அளவு எடுத்துவிட்டு இறங்கும்போது லிஃப்ட் நின்றது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. 25 நிமிடம் இருட்டில், அளவு நாடாவைச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை! வெளியே வந்து காவலாளியைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன். மூன்று கிழமை கழித்து வேறு கட்டடத்தில், வெளிச்சமான லிஃப்டில், கதவு மூடியதும்தான் வந்தது. உங்களுக்கு ரயிலில் வந்த அதே சாமான்.

பிறகு லிஃப்டை விட்டேன். பிறகு பஸ்ஸை விட்டேன், கூட்டத்தில் இறங்க முடியாதே என்று. பஸ்ஸை விட்டதும் புறக்கோட்டை போய் லைனிங் துணியும் கொளுக்கியும் வாங்க முடியாமல் போனது, பக்கத்துக் கடையில் கூடின விலைக்கு வாங்கினேன். ஒன்றை விட்டால் அது அடுத்ததையும் பிடுங்கும். உங்கள் சூப்பர் மார்க்கெட்டை வாசித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இந்த இடத்திலேயே பிடித்துவிடுங்கள்.

முதல் போனது ஒருவர் வீட்டுக்கு. நல்ல மனிதர், தமிழ்தான், தேத்தண்ணீரும் தந்தார். ஆறு தடவை போனேன். 83 கலவரத்தில் எனக்கு ஐந்து வயது, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம், அதைக் கேட்டார், அப்பாவைக் கேட்டார், என் கல்யாணத்தைக் கேட்டார். நன்றாக அழுதேன். அழுதுவிட்டு வந்தால் மனம் லேசாக இருக்கும், லிஃப்ட் அப்படியே இருக்கும். ஆறாம் நாள் அவர் சொன்னது, "யோசிக்காதீர்கள்." யோசிக்காதே என்கிற எல்லாருக்கும் என்னிடம் ஒரு வேலை இருக்கிறது. ஊசியின் கண்ணைப் பார்க்காமல் நூலைக் கோர்த்துக் காட்டுங்கள், பிறகு கதைப்போம்.

இரண்டாவது ஆள் கெட்டிக்காரர் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், ஆனால் ஆங்கிலம் மட்டும்தான். என்ன செய்கிறது என்று கேட்டார். "ஃபியர்" என்றேன். இன்னும் கொஞ்சம் விளக்கமாக என்றார். "பிக் ஃபியர்" என்றேன். நம்மிடம் பதைப்பு வேறு, படபடப்பு வேறு, ஏக்கம் வேறு, திடுக்கிடுவது வேறு. எனக்கு வந்தது பதைப்பு, கரையில் போட்ட மீன் பதைப்பது மாதிரி. அதை நான் எப்படி அவருக்குச் சொல்வேன்? நீங்கள் மொழியை முதலில் போட்டது சரிதான். ஆனால் மொழி மட்டும் போதாது, முதல் ஆளும் தமிழ்தானே.

மூன்றாவது, கிளினிக் டொக்டர் கடிதம் தந்து அனுப்பிய உளவியலாளர். கிழக்கு மாகாணத்து முஸ்லிம் பிள்ளை, என்னை விடப் பத்து வயது குறைவு. "உள்ளுக்க என்ன செய்யுது?" என்று கேட்டார். பதைக்குது என்றேன். அந்தச் சொல்லையே கொப்பியில் எழுதினார்.

முதல் நாளே படம் கீறிக் காட்டினார். உடம்பு ஆபத்து என்று நினைத்து மூச்சை வேகமாக இழுக்கிறது. ஓடவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை, கதிரையில்தான் இருக்கிறோம். அதனால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு அளவுக்கு மேல் குறைகிறது, அதுதான் விரல் விறைப்பதும் உதட்டில் எறும்பு ஊர்வதும் தலை சுற்றுவதும். ஓ.எல். விஞ்ஞானத்தோடு விட்ட காபனீரொட்சைட்டு இவ்வளவு வருடம் கழித்துத் திரும்பி வந்தது. அந்த விறைப்பைப் பார்த்து நாம் சாகப் போகிறோம் என்று பயப்படுகிறோம், பயத்தில் மூச்சு இன்னும் வேகமாகிறது, அப்படியே சுற்றுகிறது. மயங்கி விழுவேன் என்று பயந்தேன். மயக்கம் பொதுவாக அழுத்தம் விழுந்தால் வருவது, உங்களுக்கு அந்த நேரம் ஏறுகிறது என்றார்.

அப்புறம் செய்ததுதான் விஷயம். "அக்கா, இப்ப இங்கேயே வர வைப்போமா?" என்றார். எழும்பிப் போகத்தான் நினைத்தேன். கதிரையில் இருத்தி, ஒரு நிமிடம் நாய் மாதிரி வேகமாக மூச்சு விடச் சொன்னார், தானும் சேர்ந்து விட்டார். நாற்பதாவது விநாடியில் விரல் விறைத்தது. அதே விறைப்பு, அதே எறும்பு. லிஃப்ட் இல்லை, இருட்டு இல்லை, ஜன்னல் திறந்திருக்கிறது, வெளியே யாரோ தேங்காய் துருவுகிறார்கள். நிறுத்தினோம், சில நிமிடத்தில் போய்விட்டது. நான் சிரித்தேன், பிறகு அழுதேன். முதல் ஆளின் வீட்டில் ஆறு நாள் அழுததை விட அந்த ஒரு அழுகைக்குப் பலன் இருந்தது.

அடுத்த கிழமைகளில் ஸ்ட்ரோவால் மூச்சு விட்டது, சுழல் கதிரையில் சுற்றியது. வீட்டிலும் செய்து கொப்பியில் எழுத வேண்டும்: என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது. பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்று நம்பர் போடச் சொன்னார். எனக்கு நூறு வராது, என் அளவு நாடா 60 அங்குலம். அங்குலத்தில் எழுதுங்கள் என்றுவிட்டார். லிஃப்டுக்கு வெளியே நின்று பார்ப்பது 22 அங்குலம். உள்ளே ஏறிக் கதவைத் திறந்தபடி பிடித்து நிற்பது 38. ஒரு மாடி போவது 51. அன்றைக்கு முதலாம் மாடியில் இறங்கிப் படியால் ஓடி வந்துவிட்டேன், வெட்கமாக இருந்தது. "நல்லது, எதை நினைச்சு ஓடினீங்க, எழுதுங்க" என்றார், அவ்வளவுதான். ஒரே நாளில் நான்கு தடவை ஏறி இறங்கியதில் 51, 47, 40, 33 என்று இறங்கியது. நாடா பொய் சொல்லாது.

என் பையில் என்ன வைத்திருந்தேன் தெரியுமா? தண்ணீர்ப் போத்தல், இஞ்சி ரொபி, கற்கண்டு, ஈரக் கைக்குட்டை, சித்தாலேப தைல டப்பி. மூச்சு முட்டினால் மூக்கில் பூச. இவை இருப்பதால்தான் நான் சாகவில்லை என்று மனம் நம்பிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொன்றாக வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்றார். போத்தல் போனது, ரொபி போனது. சித்தாலேபவைக் கடைசி வரை விட முடியவில்லை. அது இல்லாமல் 155ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறிய நாளை எனக்குத் தேதியோடு தெரியும்.

மருந்தும் எடுத்தேன், சேர்ட்ரலின். முதல் பத்து நாள் பதைப்பு கூடியது, டொக்டர் முன்னரே சொல்லியிருந்ததால் நிறுத்தவில்லை. ஒரு வருடத்துக்குக் கிட்ட எடுத்து அவர் சொன்னபடி குறைத்தேன். மருந்து நெருப்பைக் கொஞ்சம் தணித்துக் கொடுத்தது, லிஃப்டில் ஏறியது நான்தான். மருந்தே இல்லாமல் இந்தப் பயிற்சியால் மட்டும் தேறியவர்களும் உண்டு, அது டொக்டரும் நீங்களும் பேசுகிற விஷயம்.

ஆளைப் பிடிப்பது எப்படி என்று கேட்டீர்கள். போனில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பனிக் அட்டாக்குக்கு என்னை என்ன செய்ய வைப்பீர்கள்?" வாருங்கள், மனம் விட்டுக் கதைக்கலாம் என்று மட்டும் சொன்னால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். இத்தனை தடவை, வீட்டு வேலை தருவேன், பயப்படுகிற இடத்துக்குப் படிப்படியாகப் போவோம் என்றால் போங்கள். அந்த முறையை சிபிடி என்பார்கள், அந்தச் சொல்லையும் கேட்டுப் பாருங்கள். ஆளின் பெயரை இங்கே பொதுவில் போட மாட்டேன், அவரிடம் கேட்டுவிட்டு உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். எனக்கு 11 தடவை ஆனது. தனியாகக் காசு கட்டிப் போன முதல் இரண்டு பேருக்கும் ஒரு தடவைக்கு மூன்று பிளவுஸ் கூலி போனது. இவரிடம் போக எனக்குச் செலவு பஸ் காசு மட்டும்தான், அந்தப் பஸ்ஸில் ஏறத்தான் முடியவில்லை என்பது வேறு கதை.

மகாவித்தியாலய_மணி

கொட்டாஞ்சேனையில் இருந்து எழுதுகிறேன், ஆசிரியர். ஓவர்லொக் அக்கா சொன்னதற்கு ஒன்று சேர்க்கலாமா? 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு எனக்கும் கோயில் மணி கேட்டால் இதே மாதிரி வந்தது. குண்டு வெடித்த கோயில் இருக்கிற கொச்சிக்கடைப் பக்கம் போக முடியாது. நானும் பனிக் அட்டாக் என்றுதான் நினைத்தேன். டொக்டர் கேட்டது, கனவு வருகிறதா, பார்த்த காட்சி கண்ணுக்குள் திரும்ப வருகிறதா என்று. இரண்டுமே வந்தன. என்னுடையதுக்கு வேறு மாதிரி வைத்தியம், மெதுவாகப் போனார்கள். அதனால் தம்பி, ஜனவரிக்கு முன் ஏதாவது நடந்திருந்தால், விபத்தோ இழப்போ, முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஆட்கள் பார்க்கிறதைப் பற்றி: நான் ஓன்லைனில்தான் செய்தேன். வீட்டில் இடமில்லை, பாடசாலை விட்ட பிறகு விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குள் இருந்து கதைத்தேன், ஒரு எலும்புக்கூடு மட்டும்தான் சாட்சி. ஒரு சிக்கல், வீடியோவில் இருந்துகொண்டு ரயிலைப் பழக முடியாது. அக்காவின் லிஃப்ட் மாதிரி வெளியே போய்ச் செய்ய வேண்டியது இருந்தால் காதில் போனோடு போகலாம், என்னுடைய ஆள் அப்படி இரண்டு தடவை கூட வந்தார். கிளினிக்குக்கே போவதென்றால் களுபோவிலையில் யாராவது கண்டால் சீனி பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள். கொழும்பில் யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள், தங்களுடைய சீனி எவ்வளவு என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டாம்_பெட்டி

எல்லாருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பதிலை வேலையிடத்துக் கழிவறைக்குள் இருந்து வாசித்தேன், இரண்டு தடவை. என் பையைத் திறந்து பார்த்தேன். தண்ணீர்ப் போத்தல் இரண்டு (ஒன்று தீர்ந்தால்), அஸ்பிரின், ஈசிஜி துண்டின் பிரதி. யாராவது மயங்கிய என்னைத் தூக்கினால் டொக்டருக்குக் காட்ட என்று மடித்து வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

மணி ஐயா, ஜனவரிக்கு முன் ஒன்று இருக்கிறது. அப்பா நவம்பரில் போனார், மாரடைப்பு. இதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஓவர்லொக்

ஐயோ தம்பி. அதை முதல் நாளே அவரிடம் சொல்லுங்கள். பெயரையும், போக வேண்டிய நாளையும் தனியாக அனுப்பியிருக்கிறேன். அவர் சனிக்கிழமைகளில் இல்லை, அரை நாள் லீவு போட வேண்டி வரும். காரணம் கேட்டால் பல் என்று சொல்லுங்கள்.

ஈசிஜி துண்டை இப்போதே எறிய வேண்டாம். அவர் சொல்கிற நாளில் எறியுங்கள்.

இரண்டாம்_பெட்டி

ஏழு கிழமை கழித்து எழுதுகிறேன், இடையில் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

களுபோவிலையில் ஓபிடி, பிறகு கிளினிக். தைரொயிட் சரி. டொக்டர் மருந்தைப் பற்றிச் சொன்னார், முதலில் பயிற்சியைப் பார்ப்போம், தேவை என்றால் தொடங்குவோம் என்று முடிவெடுத்தோம். அக்கா சொன்னவரிடம் நான்கு தடவை போய்விட்டேன். முதல் நாள் முழுக்க அப்பா. ஊர் எது என்று கேட்டு, எங்கள் வீட்டில் இருந்து அவருடைய வீட்டுக்கு எத்தனை மைல் என்பது வரை வந்துவிட்டது. நம் வட்டத்துக்குள் இருக்கக் கூடாது என்றேன், பக்கத்து ஊராகப் போய்விட்டது. பரவாயில்லை. இரண்டாம் நாள் நாய் மூச்சு. அக்கா சொன்னபோது நம்பவில்லை, 35 விநாடியில் வந்தது.

முதலில் வெள்ளவத்தை ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்து, ஏறாமல் நின்று, மூன்று ரயிலை அனுப்பிவிட்டு வந்தேன். டிக்கெட் கொடுக்கிறவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அடுத்தது ஞாயிறு பகல், கூட்டமில்லாத ரயில், பம்பலப்பிட்டி வரை. நேற்று வியாழன், அலுவலக ரயில், இரண்டாம் பெட்டி. கொள்ளுப்பிட்டி வரை போவதாக எழுதிக்கொண்டு போனேன். பம்பலப்பிட்டியில் இறங்கிவிட்டேன். அடுத்த ரயிலில் ஏறிக் கொள்ளுப்பிட்டியில் இறங்கினேன். நெஞ்சு அடித்தது, விரல் விறைத்தது, அந்த வாங்கில் இருந்தேன், போனது. வடை ஐயா என்னை அடையாளம் கண்டு மறுபடியும் தண்ணீர் நீட்டினார், வேண்டாம் என்று வடை வாங்கினேன்.

என்னிடம் நாடா இல்லை, அக்காவின் அளவில் போட்டால் 44 அங்குலம் இருக்கும்.

அம்மா இன்னும் தலையில் கட்டச் சொல்கிறா. கட்டுகிறேன்.

ஓவர்லொக்

44 நல்ல அளவு. போத்தல் எங்கே இருந்தது?

இரண்டாம்_பெட்டி

ஒன்று பையில். மற்றது வீட்டில்.